தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குப் பிறகு

3 பிப்ரவரி 2025, திங்கள்

இந்த வீட்டின் வரலாற்றில் இன்று ஒரு முக்கியமான நாள். முப்பது ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கப்பட்டுவந்த ஒரு கொள்கை இன்று காலை, வாசல் கேட்டில் தொங்கும் மஞ்சள் பையின் முன்னிலையில், கைவிடப்பட்டது. இனி நீலப் பாக்கெட் பால் இல்லை; ஆரஞ்சுப் பாக்கெட். நானும் என் மனைவி புனிதவதியும் கலந்தாலோசித்து ஒருமனதாக எடுத்த முடிவு. எதிர்த்து வாக்களிக்க வீட்டில் வேறு யாரும் இல்லை.

பால்காரர் தாமோதரன் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"ஆரஞ்சா? கொழுப்பு ஜாஸ்தி சார் அது. உங்க வூட்டுக்கா?"

"எங்க வீட்டுக்குத்தான். ஒரு லிட்டர்."

"இன்னா சார் விசேஷம்?"

விசேஷம் இதுதான். வெள்ளிக்கிழமை டாக்டர் ஸ்கேன் அறிக்கையைப் படித்து, மடித்து, உறைக்குள் வைத்து, உறையை மேஜை விளிம்புக்கு நேராக நகர்த்தினார். பிறகு, "அம்மா இனிமே என்ன வேணும்னாலும் சாப்பிடலாம்" என்றார். உப்பு? சாப்பிடலாம். சர்க்கரை? சாப்பிடலாம். ஊறுகாய்? தாராளமாக. கொலஸ்ட்ரால் மாத்திரையைக்கூட நிறுத்திவிட்டார். பல வருடங்களாக எங்கள் சமையலறையை ஆண்டுவந்த தடைகள் எல்லாம் ஐந்து நிமிடத்தில் நீக்கப்பட்டன. மருத்துவத்தில் இப்படியொரு முன்னேற்றத்தை நான் என் நாவல்களில்கூட எழுதியதில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் ஓட்டேரி பாலம் தாண்டியதும் புனிதா, "போற வழியில மாவடு வந்திருக்கான்னு பாருங்க" என்றாள்.

4 பிப்ரவரி

மாவடு இன்னும் வரவில்லை. ஆவக்காய் வாங்கினேன். அரை ஸ்பூன் சாப்பிட்டாள்.

5 பிப்ரவரி

நேற்றைய குறிப்பில் 'அரை ஸ்பூன்' என்று இருப்பது திருத்தப்பட்ட பாடம். நான் எழுதியது 'அறை ஸ்பூன்'. காலையில் பார்த்தால் சிவப்பு மையில் ஒரு சுழி.

"அறைன்னா ரூம். இல்லன்னா கன்னத்துல விழறது. ஸ்பூனுக்கு சின்ன ர."

புனிதா தூமகேது அச்சகத்தில் இருபது வருடம் ப்ரூஃப் ரீடராக இருந்தவள். என் ரகர றகரக் குழப்பம் பள்ளிக்கூடத்திலும் தீரவில்லை, கல்யாணத்துக்குப் பிறகும் தீரவில்லை. என் நாவல்களில் சின்ன ரவும் பெரிய றவும் அதனதன் இடத்தில் இருப்பதற்கு அவளே பொறுப்பு. இப்போது திருத்துவதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் இந்த டைரியை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

திங்கட்கிழமைக் குறிப்பில் பிழை ஏதும் இல்லையாம். 'மருத்துவத்தில் இப்படியொரு முன்னேற்றத்தை' என்ற வரிக்குக் கீழே மட்டும் மெல்லியதாக ஒரு கோடு. ஏன் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. வாக்கியம் நல்லா வந்திருக்கு" என்றாள்.

6 பிப்ரவரி

செழியன் என்ற இளம் பதிப்பாளர் வந்தார். என் பழைய நாவல் ஒன்றை மறுபதிப்புச் செய்யப்போகிறார். எனவே என்னைப் பற்றிச் சில தகவல்கள். பின்னாளில் இந்த டைரியைப் பழைய பேப்பர் கடையிலிருந்து யாராவது மீட்டால் உதவும்.

பெயர் தணிகாசலம். ஓய்வு பெறும்வரை பகலில் ரயில்வே கணக்குப் பிரிவில் குமாஸ்தா. மாலையில் கோளரசன், விஞ்ஞான நாவலாசிரியர். கோள்களுக்கெல்லாம் அரசன் என்ற பொருளில் நான் வைத்துக்கொண்ட பெயர். கோள் சொல்வதில் அரசன் என்று என் மாமனார் புரிந்துகொண்டார். கடைசிவரை என்னிடம் குடும்ப விஷயம் எதையும் பேசவில்லை. எழுதிய நாவல்கள் நூற்று முப்பத்தொன்று. குழந்தைகள் இல்லை. என் கதாபாத்திரங்கள் ஏழு கிரகங்களில் குடியேறியிருக்கிறார்கள். நான் ரயில்வே பாஸில் குண்டக்கல்வரை போயிருக்கிறேன்.

எதிர்காலத்தைப் பற்றி நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை நடக்கவில்லை. 2000-க்குள் சென்னையில் கொசு இருக்காது என்றேன். செல்போன் வருமென்று எனக்குத் தோன்றவே இல்லை. என் விண்வெளி வீரர்கள் செவ்வாயிலிருந்து டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

நாவல்களை வெளியிட்டது தூமகேது மாத நாவல். பேருந்து நிலையத்தில் கயிற்றில் தொங்கும். அச்சு ஃபாரம் ஒன்றுக்குப் பதினாறு பக்கம், ஆறு ஃபாரம், ஆக மொத்தம் தொண்ணூற்றாறு பக்கம். முதலாளி வையாபுரி இதில் கறாராக இருந்தார். "உலகம் எப்ப வேணா அழியட்டும் சார், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா தொண்ணூத்தாறாம் பக்கத்துல அழியணும்." அதனால் என் சனிக்கிரகப் போர்கள் திடீரென்று சமாதானத்தில் முடிந்தன. ஒரு நாவலில் அணைந்துபோன சூரியனை நாலு வரியில் பற்றவைத்தேன்.

செழியன் கேட்டது 1985-இல் வந்த 'மைனஸ் 196 டிகிரி'. மேகலா என்ற பெண்ணுக்குக் குணப்படுத்த முடியாத நோய். விஞ்ஞானியான கணவன் அவளைக் குளிர்ப்பேழையில் உறையவைக்கிறான். நாற்பது ஆண்டு கழித்து, மருந்து கண்டுபிடித்தபின், 2025-இல் பேழையைத் திறக்க வேண்டும். கண்ணாடி மூடியில் பனி படர்வதோடு கதை முடிகிறது. அவள் எழுந்தாளா இல்லையா என்று சொல்லாமல் விட்டதால், தமிழின் துணிச்சலான திறந்த முடிவு என்று பின்னாளில் பாராட்டினார்கள். என்னை எழுத்தாளன் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் இந்த ஒரு நாவலை வைத்துத்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.

"சார், மேகலா எழுந்திருக்கிற வருஷம் வந்துடுச்சு. இப்ப போடலன்னா எப்ப போடறது?" என்றார் செழியன். "ப்ரொஃபசர் ஒருத்தர் முன்னுரை தர்றாரு. நாப்பது பக்கம். முழுக்க அந்தத் திறந்த முடிவைப் பத்தித்தான்."

உள்ளறையிலிருந்து புனிதாவின் சிரிப்பு கேட்டது. சிரித்தால் வலிக்கும் என்பதால் பாதியில் நின்றது.

"கூந்தல் தைலம்னு சொல்லுங்க அவர்கிட்ட" என்றாள்.

7 பிப்ரவரி

கூந்தல் தைலம் பற்றிச் செழியனிடம் சொல்லவில்லை. முன்னுரை எழுதுகிறவரின் மனம் நோகும்.

நாவலில் மேகலா எழுந்தாள். பனி படர்வதற்குப் பிறகு பன்னிரண்டு வரிகள் இருந்தன. எழுத்துக் கோத்து, ப்ரூஃப் எடுத்துப் பார்த்தால் தொண்ணூற்றாறாம் பக்கம் நிறைந்துவிட்டது. பின்னட்டையின் உட்புறத்தில் போடலாமே என்றேன். அங்கே கூந்தல் தைல விளம்பரம், வருட ஒப்பந்தம். வையாபுரி புனிதாவிடம், "பன்னெண்டு வரி எக்ஸ்ட்ரா, எடுத்துடும்மா" என்றார். எடுத்தாள். ஈய எழுத்துகளைப் பிரித்து அவற்றின் பெட்டிகளில் போட்டார்கள். மறுநாள் அதே எழுத்துகளில் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ அச்சாகியிருக்கும். கையெழுத்துப் பிரதி அச்சகத்திலேயே வடை மடிக்கப் போயிற்று. நகல் எடுக்கும் பழக்கம் அப்போது இல்லை.

அந்த வரிகளில் என்ன எழுதியிருந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. புனிதாவுக்கும் இல்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

"அந்தப் பன்னெண்டு வரியை எழுதுங்க" என்றாள் புனிதா. தலையணையை இரண்டாக மடித்துச் சாய்ந்திருந்தாள்.

"நாற்பது வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு?"

"நான்தான எடுத்தேன். எனக்குத் தெரியணும்."

"எழுந்திருச்சா. அது வரைக்கும் ஞாபகம் இருக்கே."

"எழுந்திருச்சு? யார் இருந்தாங்க பக்கத்துல? என்ன பார்த்தா?"

தெரியவில்லை என்றேன். செழியனுக்கு மார்ச் கடைசியில்தான் ப்ரூஃப், அதற்குள் யோசிக்கிறேன் என்றும் சொன்னேன்.

"மார்ச் கடைசி வேணாம். அதுக்கு முன்னாடி குடுங்க."

கெடு விஷயத்தில் அவள் எப்போதும் வையாபுரியைவிடக் கண்டிப்பு.

11 பிப்ரவரி

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஜெபமணி சிஸ்டர் இன்று முதல் முறையாக வந்தார். கன்னியாகுமரிப் பக்கம். சத்தமாகப் பேசுகிறவர். எந்த மாத்திரை எப்போது, வலி வந்தால் எது, அதற்கும் அடங்காவிட்டால் எது என்று சொல்லிக்கொடுத்தார். 2010-க்குள் மனிதன் உணவுக்குப் பதிலாக மாத்திரை சாப்பிடுவான் என்று நான் எழுதியது ஒருவகையில் பலித்துவிட்டது.

மதியம் நான் ரசம் வைத்தேன். கட்டிலிலிருந்தே உத்தரவுகள் வந்தன.

"புளி கரைச்சாச்சா?"

"ஆச்சு."

"கொதிக்க விடாதீங்க. நுரை கட்டினதும் இறக்கணும். நுரை கட்டுதா?"

"எப்படித் தெரியும்?"

"பார்த்தா தெரியும்ங்க! நெப்டியூன்ல மேகம் எப்படி இருக்கும்னு மூணு பக்கம் எழுதினீங்களே, பார்த்துட்டா எழுதினீங்க?"

கொதித்துவிட்டது. பெருங்காயமும் போடவில்லை. இருந்தும் இரண்டு வாய் சாப்பிட்டாள். ஆரஞ்சுப் பாக்கெட் பாலில் பாதி மிஞ்சியது.

13 பிப்ரவரி

முதல் வரைவைப் படித்துக் காட்டினேன். கதவு சீறிக்கொண்டு திறக்கிறது. வெள்ளி உடை டாக்டர்கள். ஊதாக் கதிர் ஒன்று மேகலாவின் உடலைக் கடந்துசெல்ல, நோய் மறைகிறது. கணவன், நரைத்தாலும் கம்பீரமாக, பேழையருகே நிற்கிறான்.

புனிதா கேட்டு முடித்துவிட்டு, "இவன் என்ன பண்ணிட்டு இருந்தான்?" என்றாள்.

"எவன்?"

"புருஷன்காரன். நாப்பது வருஷம் பொட்டி பக்கத்துலயே நின்னுட்டு இருந்தானா?"

"ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தான்."

"சாப்ட்டானா?"

கதை மேகலாவைப் பற்றியது, வாசகனின் அக்கறையும் அவள்மேல்தான் இருக்கும், கணவனின் சாப்பாடு இந்த இடத்தில் கட்டுக்கோப்பைக் குலைத்துவிடும் என்று விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அது சரி. சாப்ட்டானா இல்லையா?"

15 பிப்ரவரி

செழியன் அட்டைப்படம் அனுப்பினார். கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னிறக் கூந்தலோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்.

"மேகலா மாயவரத்துக்காரி. இது யாரு?" என்றாள் புனிதா.

18 பிப்ரவரி

இரண்டாம் வரைவு. கணவன் எப்போதோ இறந்துவிட்டான். அவன் பதிவுசெய்து வைத்திருந்த ஒளியுருவம் மேகலாவின் முன் தோன்றிப் பேசுகிறது. படிக்கும்போது இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

"நல்லா இல்ல" என்றாள் புனிதா. "சோம்பேறித்தனத்துல அவனை சாகடிச்சிட்டீங்க. அந்தக் காலத்துலயும் இதேதான். பக்கம் பத்தலன்னா ஆளைக் கொன்னுடுவீங்க. 'பாதாள கிரக'த்துல ஒரே பாராவுல பதினாலு பேரு."

"விண்கலம் வெடிச்சா பதினாலு பேரும்தான் சாவாங்க."

"யாரு வெடிக்கச் சொன்னது?"

20 பிப்ரவரி

வலி அதிகம். எழுதவில்லை. வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

22 பிப்ரவரி, சனி

மூன்றாம் வரைவில் சிக்கலுக்குத் தீர்வு கிடைத்துவிட்டது. கணவனுக்கும் ஒரு பேழை. மேகலாவை உறையவைத்த அன்று மாலையே அவனும் பக்கத்துப் பேழையில் படுத்து மூடியை இழுத்துக்கொள்கிறான். நாற்பது ஆண்டுகள் என்ன செய்தான், சாப்பிட்டானா என்ற கேள்விகளுக்கு இடமே இல்லை. சிக்கனமான, அழகான முடிவு.

படித்து முடித்தபோது புனிதா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு பொட்டியா?"

"ஆமாம்."

"கிழிச்சுப் போடுங்க."

"புனிதா, இது தர்க்கப்படி..."

"கிழிச்சுப் போடுங்கன்னேன். என் எதிர்லயே."

நாற்பத்தாறு வருடத்தில் அவள் என் பிரதி எதையும் கிழிக்கச் சொன்னதில்லை, திருத்தத்தான் சொல்லியிருக்கிறாள். கிழித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பக்கமாகவே பேசினாள்.

"ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா கரண்ட் பில்லை யாரு கட்டறது?"

தொழில்நுட்ப ரீதியாக அவள் சொன்னது சரி. மின்சாரம் நின்றால் மைனஸ் 196 நிலைக்காது. நான் யோசிக்கவில்லை.

24 பிப்ரவரி

ஜெபமணி சிஸ்டர் வந்தபோது, புனிதா என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு அவரிடம் ஏதோ பேசினாள். நான் திரும்பியதும் சிஸ்டர் வலி மாத்திரை அட்டைகளை எல்லாம் தன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். இனி அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கொண்டுவந்து தருவாராம்.

"புது ரூல் சார்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தினமும் வருவது அவருக்குத்தான் சிரமம். விதிகளை வகுப்பவர்கள் இதையெல்லாம் எண்ணிப்பார்ப்பதில்லை.

2 மார்ச், ஞாயிறு

சமையலறை டப்பாக்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் பணி இன்று நடைபெற்றது. புனிதாவின் யோசனை. ஒவ்வொரு டப்பாவாகக் கட்டிலுக்குக் கொண்டுபோய்த் திறந்து காட்ட வேண்டும். அவள் சொல்வாள், நான் எழுதி ஒட்டுவேன்.

"இது?"

"கடுகு."

"இது?"

"வெந்தயம். மோந்து பாருங்க. இதுகூடத் தெரியாம இத்தனை வருஷம் இந்த வீட்டுல சாப்பிட்டீங்களா?"

'சீறகம்' என்று எழுதியிருந்தேன். சிவப்புப் பேனாவைக் கேட்டாள். கை நடுங்கியதால் சுழி சீட்டைத் தாண்டி டப்பாவின் மேலும் ஓடிவிட்டது.

"பாம்பா இது, சீறுறதுக்கு? சின்ன ர" என்றாள். "நூத்தி முப்பத்தியோரு நாவல்."

சீட்டை மாற்றவில்லை. கோடு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாற்றினால் இன்னொரு சீட்டு வீண்.

5 மார்ச்

டைரியைக் கையில் பிடிக்க அவளால் முடியவில்லை. மாலையில் நான் வாசித்துக் காட்டுகிறேன். கண்ணை மூடியபடியே சந்தேகம் வருகிற இடங்களில் நிறுத்துகிறாள்.

"'நிறுத்தி'ன்னு படிச்சீங்களே, சின்ன ரவா, பெரிய றவா?"

"பெரிய ற."

"ம். மேல படிங்க."

இரண்டு இடங்களில் பொய் சொல்லிவிட்டுப் பிறகு திருத்திக்கொண்டேன்.

6 மார்ச்

மாவடு வந்துவிட்டது. வாங்கி வந்தேன். மூடியைத் திறந்து வாசனை பார்த்தாள். போதும் என்றாள்.

9 மார்ச், ஞாயிறு

இன்று செய்தவை: மின்கட்டணம் கட்டினேன். காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். திடீரென்று தூறியதால் மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்தேன். ரசம் வைத்தேன், நுரை கட்டியதும் இறக்கினேன். எப்படியென்று கேட்டால் சொல்லத் தெரியாது, பார்த்தால் தெரிகிறது.

பன்னிரண்டு வரி பற்றி அவள் கேட்டாள். வரவில்லை என்றேன்.

"நீங்க பொட்டிக்குள்ளயே பார்த்துட்டு இருக்கீங்க" என்றாள். மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாள். "அவ தூங்கறா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளைப் பத்தி எழுத என்ன இருக்கு? வெளியில இருக்கறவனை எழுதுங்க."

"அவன் செய்யறதுல கதை ஒண்ணும் இல்லையே."

"கதை வேணாம். என்ன செஞ்சான்னு எழுதுங்க."

14 மார்ச், வெள்ளி

எழுதிவிட்டேன். ஊதாக் கதிர் இல்லை. கீழே இருப்பது புனிதா திருத்திய பாடம்:

மேகலா கண் விழித்தாள். பக்கத்தில் அவன் இல்லை.
"வந்துடுவாரும்மா. பால் வாங்கப் போயிருக்காரு" என்றாள் நர்ஸ்.
அவன் மஞ்சள் பையோடு வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.
"இத்தனை நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்றாள்.
"ரசம் வைக்கக் கத்துக்கிட்டேன். கரண்ட் பில் கட்டினேன்.
மழை வந்தா துணியை எடுத்தேன். எது கடுகு, எது வெந்தயம்னு தெரியும்."
"அழுதீங்களா?"
"நேரம் கிடைச்சப்ப."
"நீங்களும் ஒரு பொட்டியில படுத்திருக்கலாமே?"
"கரண்ட் பில் யாரு கட்டறது?" என்றான்.
"சாப்ட்டீங்களா?"
"தினமும்" என்றான். அவள் நம்பினாள்.

புனிதா மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"தினமும்னு சொல்றானே, நம்பலாமா அவனை?"

"நம்பலாம்."

"ரசத்துல பெருங்காயம் போட்டானா?"

"போட்டான்."

"'துணியை எடுத்தேன்.' மடிச்சு வெச்சானா?"

"அதுக்கு இடம் இல்ல. பன்னிரண்டு வரி ஆயிடுச்சு."

சிரிப்பு வந்தது, பாதியோடு நின்றது. பேனா கேட்டாள். அச்சகத்தில் ஒரு புத்தகம் முழுவதும் சரியாக இருந்தால் கடைசி ப்ரூஃபில் 'பிரிண்ட் ஆர்டர்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள்; அதற்குப் பிறகு யாரும் ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. நான் அவள் விரல்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். 'பி' என்ற எழுத்து வந்தது. மீதியைப் பிறகு போடுகிறேன் என்றாள்.

17 மார்ச்

தூங்குகிறாள். ஜெபமணி சிஸ்டர் இரண்டு முறை வந்தார். கடைசியாக விழித்தபோது, "இன்னிக்கு டைரி எழுதினீங்களா?" என்றாள். எழுதினேன் என்றேன். "படிங்க" என்றாள். முதல் இரண்டு வார்த்தைகள் படித்தேன்.

19 மார்ச், புதன்

புனிதா காலை மறுந்து எடுத்துக்கொள்ளவில்லை.

2 ஏப்ரல்

செழியன் பேசினார். குறல் மிகவும் தாழ்ந்திருந்தது. துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். அந்தப் பன்னிரண்டு வரியைப் பற்றி நான் முன்பு ஒரு தடவை சொல்லியிருந்தேனாம். சேர்த்தால் பக்கம் தொண்ணூற்றேழு ஆகிவிடும், இன்னொரு ஃபாரம் ஓட்ட வேண்டும்.

"அதுகூடப் பரவால்ல சார். ப்ரொஃபசர்தான் ஆடிப்போயிட்டாரு. மேகலா எழுந்துட்டா அவரோட நாப்பது பக்கமும் போயிடும்ங்கறாரு."

மேகலா தூங்கட்டும் என்றேன்.

"அந்த வரிகளை வேற எங்கயாவது வெளியிடலாமே சார்?"

ஏற்கெனவே வெளியாகிவிட்டது, ஒரே பிரதி, வாசகர் படித்துவிட்டார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஜூனில் புத்தகம் வரும் என்று சொல்லி, போனை வைத்துவிட்டார்.

6 ஏப்ரல், ஞாயிறு

ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஆரஞ்சுப் பாக்கெட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தாமோதரனிடம் யாரும் எதுவும் சொல்லாததால் அவர் தினமும் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், நானும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கெட்டுப்போனவற்றைக் கொட்டினேன்.

ரசம் வைத்தேன். பெருங்காயம் போட்டேன். சோரு கொஞ்சம் குழைந்துவிட்டது. சாப்பிட்டேன்.

நாளை முதல் நீலப் பாக்கெட், அறை லிட்டர் போதும் என்று தாமோதரனிடம் சொன்னேன்.